ஞாயிற்றுக்கிழமை இறங்காத படகு

என் வாசலில் முட்டுக்கட்டைகளின் மேல் கிடந்த சின்னப் பாய்மரப் படகு முதன்முதலாகக் கட்டைகளை விட்டு ஒரு முழ உயரம் எழும்பி நின்ற காலையில், நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டு கொன்சித்தா மைனி கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நிழல் தேடிக்கொண்டிருந்தாள், ஊர் ஆண்கள் எல்லாரும் கடலுக்குப் போயிருந்தார்கள், அதனால் அதைப் பார்த்து அதிசயப்பட நேரம் உள்ளவர் ஊரில் ஒருவரும் இல்லை.

மைனி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று படகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கொழுந்தனாரே, உம்ம படகு அந்தரத்துல நிக்கு.”

“ஆமா மைனி.”

“இறங்குமா, இப்படியேதான் நிக்குமா?”

“தெரியலையே. நானும் இப்பதான் பாக்கேன்.”

“நிக்கிற வரைக்கும் அடியில இந்தக் கூடையை வச்சுக்கிடுதேன். காஞ்சது போதும், இனி வெயில் பட்டா எண்ணெய் கக்கிரும்.”

கூடையை வைத்துவிட்டு அவள் போனாள். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, விளக்குமாற்றை எடுத்துப் படகுக்கும் கட்டைகளுக்கும் நடுவில் விட்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். எதுவும் தடுக்கவில்லை. படகு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, தண்ணீரில் கிடக்கிற படகு எப்படி ஆடுமோ அப்படி.

அது மீன்பிடிக்கிற படகு அல்ல. நகரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், பொழுதுபோக்குக்குப் பாய்விட்டு ஓட்டுகிறவர்களுக்காக ஒரு கிளப் இருந்தது; ஆட்கள் குறைந்து, பாய்கள் கிழிந்து, ஒருநாள் அது மூடிப்போனபோது, அதன் காவலாளி, “இதைத் தூக்கிட்டுப் போனா எனக்கு இடம் மிச்சம்” என்று சொல்லி எனக்குக் கொடுத்த ஃபைபர் படகு. வெள்ளை உடம்பு, நீலக் கோடு, ஒற்றைப் பாய்மரம். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் ஏறினால் மூன்று பேரும் நனையலாம். மீன்பாடு வண்டியில் ஏற்றி அதை நான் ஊருக்குக் கொண்டுவந்தபோது, இதில் எதைப் போட்டுக் கொண்டுவருவது, நெத்திலியையா, என்று கேட்டுச் சிரித்தார்கள்.

படகு ஒட்டுகிற இந்தத் தொழிலை நான் யாரிடமும் படித்தவன் அல்ல. மரவள்ளங்கள் போய் ஃபைபர் படகுகள் வந்த காலத்தில், உடைந்ததை ஒட்ட ஊரில் ஆளில்லாததால், ரெசின் என்கிற பசையில் எவ்வளவு ஹார்ட்னர் விட்டால் இறுகும், எவ்வளவு விட்டால் புகைந்து வெடிக்கும் என்பதை விரலைச் சுட்டுச் சுட்டுத் தெரிந்துகொண்டேன். ஊரார் படகையெல்லாம் ஒட்டினேன். என் வாசலில் கிடந்தது மட்டும் அப்படியே கிடந்தது. என் மனைவி ரீத்தம்மாள் இருந்த காலத்தில் அதில் வற்றல் காயப்போட்டாள், மழைக்காலத்தில் விறகை அடுக்கினாள், “அடுத்தவன் படகுக்கு முழங்கால் தேயத் தேய ஒட்டுறீரு, இது எப்ப?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் போன பிறகு, கேட்க ஆளில்லாமல் போனதால்தானோ என்னவோ, நான் அதை எடுத்தேன். பழைய பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து இறக்கி, கொப்புளம் கண்ட இடங்களைக் கிரைண்டரால் திறந்து ஆறவிட்டு, ஒவ்வொன்றாகப் பட்டி பார்த்து அடைத்தேன்.

வேலை பாதியில் இருந்தபோது என் மருமகன் தஸ்நேவிஸ் வந்தான். என் மகள் பெனீட்டாவின் கணவன். அடுத்தவன் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவன், அப்போதுதான் சொந்தமாக ஒரு பழைய மீன்பிடிப் படகு வாங்கியிருந்தான். அதன் அடியில், நடுவிலிருந்து இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி, எப்போதோ பாறை இடித்த ஓட்டை இருந்தது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். புதிதாக ஒரு படகு இறக்கினாலும், பழையதைப் பிரித்து ஒட்டினாலும், ஆளைக் குடிக்காத படகு ஒன்றிலிருந்து ஒரு துண்டு எடுத்து அதன் வயிற்றில் சேர்க்க வேண்டும். மரவள்ளக் காலத்தில் ஒரு சிராய் போதும், ஆணி அடித்துவிடுவார்கள். ஃபைபர் வந்த பிறகு உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி ஒட்டச் சொன்னார்கள். ஆனால் ஆளைக் குடிக்காத படகு எங்கள் ஊரில் எளிதில் கிடைக்காது. எந்தப் படகைக் காட்டினாலும், அதில் போன யாரையாவது நினைத்து ஒரு வீட்டில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

தஸ்நேவிஸ் என் படகைச் சுற்றி வந்தான்.

“மாமா, இது யாரையாச்சும் குடிச்சிருக்கா?”

“தினம் கவுந்திருக்கு. கவுந்தவன் எல்லாம் சிரிச்சுக்கிட்டே ஏறி வந்திருக்கான்னு காவலாளி சொன்னான்.”

“அப்ப இதுல ஒரு துண்டு வெட்டித் தாரும்.”

“என் படகு ஓட்டையாயிருமேடே.”

“உம்ம படகு வாசல்லதான நிக்கு. என் படகுல்லா கடலுக்குப் போகுது.”

அதற்குமேல் என்ன சொல்ல? அவன் படகில் ஓட்டை எங்கே இருந்ததோ, என் படகிலும் அதே இடத்திலிருந்து ஒரு வட்டத் துண்டை வெட்டி, அவன் படகில் பொருத்தி, உள்ளும் வெளியும் கண்ணாடி இழை மேட் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். என் படகின் ஓட்டையைப் பிறகு அடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தன் வீட்டு வேலை எப்போதும் கடைசிக்குத்தான் போகும்.

தஸ்நேவிஸ் தன் படகைக் கடலில் தள்ளிய அந்தக் காலையில்தான் என் படகு எழும்பியது. ஆனால் அந்தக் காலையில் ஊரில் உள்ள எல்லாப் படகுகளும்தான் கடலுக்குப் போயிருந்தன. ஆகவே யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பகல் சாய்ந்து, கடலுக்குப் போனவர்கள் திரும்புகிற நேரத்தில், படகு இறங்கியது. அணியம், அதாவது அதன் மூக்கு, முதலில் ‘டொக்’ என்று கட்டையைத் தொட்டது, பிறகு பின்பக்கம் இறங்கியது, பிறகு யாரோ பிடித்து இழுப்பது போல நாலைந்து தரம் உலுங்கிவிட்டு அடங்கியது. மறுநாள் விடியும் முன்னே மறுபடி எழும்பியது. அதற்கு மறுநாளும் அப்படியே.

முதலில் பிள்ளைகள் வந்தார்கள், பிறகு பிள்ளைகளைத் தேடித் தாய்மார் வந்தார்கள், பிறகு தூங்காத கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து படகுக்குள் கிடத்தினார்கள். தொட்டில் கட்டுகிற வேலை மிச்சம், ஆட்டுகிற வேலையும் மிச்சம், பிள்ளை தானாகத் தூங்கியது. மலையடிவாரத்து ஊரிலிருந்து எங்கள் ஊருக்குக் கட்டிவந்த ஒரு மருமகள், கடலையே பழகாதவள், ஏறி உட்கார்ந்த உடனே வாந்தி எடுத்தாள், மூன்று தெருவுக்கும் அவள் மாசமாயிருக்கிறாள் என்ற செய்தி போய்விட்டது, பாவம், அது பொய்யென்று சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு மழைக்காலம் ஆனது. டீக்கடைக்காரர் என் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாலை அடுப்பில் வைத்தார். என் படகு இறங்கினால் ஆட்கள் கரை ஏறப்போகிறார்கள் என்று கணக்கு.

பங்குச் சாமியாரும் வந்தார். மந்திரிக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. குனிந்து படகுக்கு அடியில் பார்த்தார். அங்கே கொன்சித்தா மைனியின் கூடைகள் மூன்றாகியிருந்தன.

“கயிறு போட்டுக் கட்டி வையுங்க இஞ்ஞாசி. பிள்ளைங்க மேல விழுந்திரப்போகுது.”

பூவரச மரத்தில் கட்டி வைத்தேன். அது கடலுக்கு ஏங்குகிற படகு, மற்றப் படகுகள் போகும்போது மனம் பொறுக்காமல் நின்ற இடத்திலேயே போய்வருகிறது என்று ஊர் முடிவு செய்தது. அந்த முடிவு எல்லாருக்கும் பிடித்திருந்தது. அதைவிடப் பிடித்தது, அது ஞாயிற்றுக்கிழமைகளில் எழும்பாமல் இருந்தது. எங்கள் ஊரில் ஞாயிறன்று யாரும் கடலுக்குப் போவதில்லை, படகும் போகவில்லை. பூசைக்கு வராமல் வலைக்கு அடியில் படுத்துக் கிடக்கிற பையன்களைத் தாய்மார் எழுப்பி, “ஒரு ஃபைபர் படகுக்குத் தெரியுதுல ஓய்வு நாளுன்னு, ஒனக்குத் தெரியலையே” என்று திட்டினார்கள். சாமியாரிடம் போய், உங்கள் பங்கிலேயே பக்தியான சீவன் அதுதான் என்று ஒருவர் சொன்னபோது, “ஓய்வு எடுக்குது, சரி. பூசைக்கு வரக் காணோமே” என்றார் அவர்.

ஒரே ஒரு திங்கட்கிழமை அது எழும்பவில்லை. நிழல் இல்லாமல் போனதால் மைனி என்னோடு சண்டைக்கு வந்தாள். அன்று தஸ்நேவிஸுக்குக் காய்ச்சல், அவன் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான் என்பதை அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை, அவனுக்குக் கஞ்சி வைத்துக்கொடுத்த பெனீட்டாவும் யோசிக்கவில்லை. இன்னொன்றையும் யோசித்திருக்க வேண்டும். அடியில் உள்ளங்கை அகல ஓட்டை திறந்தே கிடக்க, அத்தனை மாதம் மிதந்த படகுக்குள் ஒரு சொட்டு ஈரம் ஏறியதில்லை.

வாடைக்காற்று எழுந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடலுக்குப் போனவர்கள் பாதியிலேயே வலையை வாரிக்கொண்டு திரும்பினார்கள். தஸ்நேவிஸும் அவனோடு போன கித்தேரியானும் திரும்பவில்லை. எஞ்சின் நின்றுபோய் அவர்கள் கையை ஆட்டியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். நெருங்க முடியவில்லை, காற்று இவர்களை ஒரு பக்கமும் அவர்களை ஒரு பக்கமும் தள்ளிவிட்டது. தகவல் சொல்ல வேண்டிய இடத்துக்கெல்லாம் சொன்னோம், தேடப் போயிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. பெனீட்டா கரையை விட்டு வரவில்லை. அன்று சாயங்காலம் என் வாசல் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை முதல் மணி அடித்தது. காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. ஊர் ஆண்கள் சாமியாரிடம் கேட்டுக்கொண்டு, ஓய்வு நாளென்றும் பாராமல், படகுகளை எடுத்துக்கொண்டு தேடப் போயிருந்தார்கள். வெள்ளைச் சேலையில் பூசைக்குக் கிளம்பிய கொன்சித்தா மைனி வேலியோரம் நின்றுவிட்டாள்.

“கொழுந்தனாரே, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை.”

“ஆமா.”

“உம்ம படகு இறங்கலையே.”

நான் வெளியே வந்தேன். படகு அந்தரத்தில் நின்றது. வழக்கம்போல மெல்ல ஆடவில்லை. மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டது, பூவரச மரத்துக் கயிறு விறைத்து விறைத்துத் தொய்ந்தது. எங்கள் கடல் அப்போது அப்படி அடிக்கவில்லை. அது வேறு எங்கோ அடிக்கிற கடல்.

“உள்ள தண்ணி சளக் சளக்குங்குது, கேக்கா?” என்றாள் மைனி.

எட்டிப் பார்த்தேன். மழையே பெய்யாத வாசலில், படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அடியில் திறந்திருந்த ஓட்டை வழியாகக் கீழே மணல் தெரிய வேண்டும், தெரியவில்லை. அங்கிருந்து தண்ணீர் கொப்பளித்து வந்துகொண்டிருந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

மைனி கரைக்கு ஓடினாள். பெனீட்டா வந்தாள், ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள், ஓடினால் ஏதாவது உடைந்துவிடும் என்பது போல. தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினாள். கையில் சில சோற்றுப் பருக்கைகள் வந்தன. மறுபடி துழாவினாள். ஒரு மோர்மிளகாய் வந்தது, காம்பில் நீல நூலோடு. எங்கள் ஊரில் மோர்மிளகாயை நூலில் கோத்துக் காயவைக்கிறவள் அவள் ஒருத்திதான், நீல நூலை அவள் கையில் கொடுத்துப் பழக்கியவள் அவள் தாய்.

“இது அவுக தூக்குவாளியில நான் வச்சதுப்பா,” என்றாள். “இது அவுக படகுத் தண்ணி.”

ஒருவரும் அது எப்படி என்று கேட்கவில்லை. பூசைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் போகிற வழியில் திரும்பி, வீட்டுக்குள் போய், குடம், செம்பு, பெயின்ட் வாளி, பாற்சட்டி, எது கையில் கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டு வந்தார்கள், வெள்ளைச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினார்கள், இரண்டு இரண்டு பேராய்ப் படகின் இரு பக்கமும் நின்று இறைத்தார்கள். இறைத்த தண்ணீர் என் வாசல் வழியாக ஓடித் தெருவில் இறங்கி, மைனி வீட்டு முருங்கையின் அடியில் தேங்கியது. அந்த முருங்கை அதோடு பட்டுப்போனது, அதைப்பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இறைக்க இறைக்கத் தண்ணீர் வந்தது. ஓய்ந்த கை விலக, வேறு கை வந்தது. சாமியார் ஆளில்லாத கோயிலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அங்கியோடு அவரும் வந்தார்.

ஆனாலும் படகு தாழ்ந்துகொண்டிருந்தது. காலையில் மார்பளவு உயரத்தில் இருந்த விளிம்பு, இடுப்புக்கு வந்துவிட்டது.

“அடைச்சிரும்ப்பா,” என்றாள் பெனீட்டா. “இந்த ஓட்டையை அடைச்சிரும். அங்கயும் அடையும்.”

“தண்ணி ஏறிக்கிட்டு இருக்கிற ஓட்டையில ரெசின் பிடிக்காதும்மா. ஈரம் ஆகவே ஆகாது. துடைச்சு, காயவச்சு, பிறகுதான்.”

“அப்ப ஓட்டையைத் தண்ணிக்கு மேல கொண்டு வாங்க.”

எனக்கு ஒரு வழி தெரியும். இந்த மாதிரிச் சின்னப் படகின் அடியைப் பார்க்க வேண்டுமென்றால், பாய்மரத்தின் உச்சியில் கயிறு கட்டி ஒரு பக்கமாக இழுத்துச் சாய்ப்பார்கள். ஓட்டை இடப்பக்கம். வலப்பக்கமாகச் சாய்த்தால் அது மேலே வரும்.

“சாய்க்கலாம்,” என்றேன். “இங்க சாய்ச்சா, அங்கயும் சாயும்.”

இறைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன.

“கவுந்துட்டா?” என்றாள் மைனி.

அந்தப் படகில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் மகளின் கணவன். அளவு தெரியாமல் ஒரு இழுப்பு இழுத்தால், என் வாசலில் நின்றுகொண்டு நானே அவர்களைக் கடலில் கொட்டினவன் ஆவேன். நிறுத்திவிட்டால், அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக முங்குவதை வாளியோடு நின்று பார்க்க வேண்டும். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லாரும் பெனீட்டாவைப் பார்த்தார்கள். தாழ்ந்துகொண்டிருந்தது அவளுடைய வீடுதான்.

அவள் கொஞ்ச நேரம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அதன் ஆட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

“தேர்த் திருவிழாவுக்கு அவுக படகுலதான போனோம். எல்லாரும் ஒரு பக்கமா வந்து கரையில போன தேரைப் பாத்தப்ப அது எவ்வளவு சாஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். நான் உள்ள ஏறிக்கிடுதேன். நான் போதும்னா நிறுத்துங்க.”

சுவரோரம் கிடந்த பாய்மரத்தைத் தூக்கி நட்டோம். சாய்க்க இடம் வேண்டுமென்று முட்டுக்கட்டைகளை உருவினோம், பூவரச மரத்துக் கயிற்றையும் அவிழ்த்துவிட்டோம். படகு எதிலும் படாமல் நின்றது. உச்சியில் கட்டிய கயிற்றைப் பெண்கள் பிடித்தார்கள், கடைசியில் சாமியார் பிடித்தார். பெனீட்டா உள்ளே சப்பணமிட்டு உட்கார்ந்து, தண்ணீர் எந்த விளிம்பைத் தொடுகிறது என்று பார்த்துக்கொண்டாள்.

“இழுங்க. மெள்ள. மெள்ளடி, யாரது வெட்டி இழுக்கது? இன்னும். இன்னும் கொஞ்சம்... போதும்!”

ஓட்டை மேலே வந்தது. அதன் வழியாக வெளிச்சம் உள்ளே விழுந்தது.

“கனக்கே,” என்றாள் மைனி கயிற்றிலிருந்து. “ஒரு சின்னப் படகு இம்புட்டுக் கனமா? அங்கிட்டு யாரோ பிடிச்சு இழுக்க மாதிரில்லா இருக்கு.”

“பேசாதீங்க மைனி, மூச்சு வாங்கும்.”

“மூச்சு என்னுது, பேச்சும் என்னுது. நீரு ஒட்டும்.”

துணியால் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். வெயில் ஓட்டையின் விளிம்பில் நேராக விழுந்தது. அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். கிரைண்டரால் விளிம்பைச் சரிவாக்கி, தூசியைத் துடைத்து, மேட்டை வட்ட வட்டமாகக் கிழித்து வைத்துக்கொண்டு, ரெசினைக் கலந்தேன். ஹார்ட்னர் சீசாவைக் கையில் எடுத்தேன். கூட விட்டால் சீக்கிரம் இறுகும், ஆனால் சூடேறி வெடித்துவிடும்; குறைய விட்டால் இந்தப் பெண்களின் கை தாங்காது. மழைக்காலத்துக்கு விடுகிற அளவைவிட ஒரு பொட்டு மட்டும் கூட விட்டேன். ஒரு வட்டம் வைத்தேன், பிரஷால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினேன், இன்னொன்று வைத்தேன். உள்ளே இருந்து பெனீட்டா தன் பங்குக்கு உள்பக்கம் வைத்தாள். சின்னப் பிள்ளையில் என்னோடு இருந்து பார்த்ததுதான், நான் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

பிறகு காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய வேலை உலகத்தில் இல்லை. கயிற்றில் நின்றவர்களின் தோள் நடுங்கியது. இரண்டாம் மணி அடிக்க வேண்டிய நேரமும் தாண்டிப்போக, மணி அடிக்கிற கோயில்பிள்ளை ஓடிவந்து, “சாமி, பூசை?” என்று கேட்டார்.

“சாயங்காலம் வச்சுக்கலாம்,” என்றார் சாமியார். “நீரும் வந்து பிடியும்.”

ரெசின் ஒரு மஞ்சள் ஒளியோடு சூடானது. வெடிக்கவில்லை. நகத்தை வைத்து அழுத்தினேன், பதிந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினேன், பதியவில்லை.

“விடுங்க,” என்றேன். “மெள்ள.”

படகு நிமிர்ந்தது. எல்லாரும் தலையை உள்ளே நீட்டி ஒட்டின இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் வரவில்லை. உள்ளே கிடந்த மிச்சத்தையும் இறைத்துக் கொட்டினோம். படகு இடுப்பிலிருந்து மார்புக்கு எழும்பியது. மைனி இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள், வரிசையாகக் கொப்புளம். ஊதிக்கொண்டாள்.

தேடப் போனவர்கள் எதுவும் காணாமல் திரும்பி வந்தபோது, நாங்கள் அவர்களை என் வாசலுக்குக் கூட்டிவந்து மிதக்கிற படகைக் காட்டினோம். அவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அன்று இரவு பெனீட்டா அந்தப் படகுக்குள்ளேயே, ஒட்டின இடத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வெயில் ஏறியபோது படகு இறங்க ஆரம்பித்தது.

நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். முங்குகிற படகும் இறங்கும், கரை சேருகிற படகும் இறங்கும். பெனீட்டா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரீத்தம்மாள் போன அன்றுகூட அவள் அப்படிப் பிடித்ததில்லை. படகு ஒரு சாண் இறங்கியது. நின்றது. இன்னொரு சாண் இறங்கியது. நேராக இறங்குகிறதா, மூக்கைக் குத்தி இறங்குகிறதா என்று எவருக்கும் சொல்லத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றால் எல்லாமே கோணலாகத்தான் தெரியும்.

அணியம் மணலைத் தொட்டது. ‘சர்ர்’ என்று ஒரு சத்தம்.

பிறகு அது உலுங்கியது. ஒரு உலுங்கல், ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. இன்னொரு உலுங்கல், இன்னொரு முழம். கட்டிப்போட இப்போது கயிறு இல்லை. கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ கைகள் எங்கோ ஒரு கரையில் பிடித்து ஒன்றாக இழுக்க இழுக்க, என் படகு என் வாசலில் மணலைக் கிழித்துக்கொண்டு ஏறியது. டீக்கடைக்காரர்தான் முதலில் கத்தினார், “இழுக்காங்கலே! கரையில போட்டு இழுக்காங்க!” படகு போய் மைனியின் வேலியில் முட்டியது. ஓலை முறிந்தது, கம்பு சாய்ந்தது, கோழிகள் நாலா பக்கமும் பறந்தன.

“உடையட்டும்!” என்று மைனி கொப்புளக் கையைத் தூக்கிக்கொண்டு, முகம் தெரியாத அந்த ஆட்களைப் பார்த்துக் கூவினாள். “உடைஞ்சா உடையட்டும், இழுங்கலே! நல்லா மேல ஏத்தி இழுங்க!”

வேலிக்கு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதியாகப் படகு நின்றது. அதற்குமேல் அசையவில்லை. நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. தெற்கே குமரியையும் சுற்றிக்கொண்டு போய், மேற்குக் கடற்கரையில் ஒரு ஊரில் ஒதுங்கியிருந்தார்கள். பெனீட்டா போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கக் குரல் எங்களுக்கும் கேட்டது.

“ஏட்டி, நான்தான்.”

“தெரியும்,” என்றாள் அவள். “அம்புட்டு மேல ஏத்தணுமா? மைனி வீட்டு வேலி போச்சு.”

சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாக அழுதாள். நாங்கள் அவளை அழவிட்டோம்.

இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். உதடு வெடித்து, தோல் உரிந்து, யாரோ கொடுத்த சட்டைகளில். மிதந்து வந்த ஒரு கட்டை அடியில் இடித்து, நான் ஒட்டிய துண்டோடு பிய்த்துக்கொண்டு போனதாம். உடுத்தியிருந்த சட்டைகளைக் கழற்றித் திணித்தார்களாம், ஒன்றுதான் சிக்கி நின்றதாம், தண்ணீர் நிற்கவில்லையாம்.

“பிறகு படகு ஒரே பக்கமாச் சாஞ்சுது மாமா,” என்றான் தஸ்நேவிஸ். “காத்தாலயும் இல்ல, அலையாலயும் இல்ல, யாரோ பிடிச்சுச் சாய்ச்ச மாதிரி அப்படியே நின்னுட்டு. நானும் இவனும் கவுந்துரும்னு பயந்து, மறுபக்கம் விளிம்பைப் பிடிச்சுத் தொங்கினோம் பாரும், உசிரைக் குடுத்துத் தொங்கினோம்.”

“நீங்கதானா அது?” என்று மைனி எழுந்துவிட்டாள். “நாங்க இங்கிட்டு இழுக்க, நீங்க அங்கிட்டுத் தொங்கினீங்களா? அதான் அம்புட்டுக் கனமா? பாருல, இந்தக் கையைப் பாரு!”

கித்தேரியான் அந்தக் கையைப் பார்த்தான். சிரிக்கப் பார்த்து, உதடு வெடித்திருந்ததால் முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டான்.

“அப்புறம் அந்தச் சட்டை இறுகிப்போச்சு மாமா, கல்லு மாதிரி,” என்றான் தஸ்நேவிஸ். “ரெசின் வாடை அடிச்சுது. உம்ம நினைப்புத்தான் வந்துது.”

லாரியில் அவன் படகு வந்து சேர்ந்தபோது நானே பார்த்தேன். கோடு போட்ட சட்டை, காலரும் பொத்தானுமாக, ஓட்டையில் உட்கார்ந்து கண்ணாடியாக இறுகியிருந்தது. எங்கும் கசிவில்லை. அதன்மேல் இன்னும் இரண்டு மேட் வைத்து ஒட்டினேன், சட்டையை எடுக்கவில்லை.

என் படகையும் முடித்துவிட்டேன். பட்டி பார்த்து, மேல்பூச்சாக ஜெல் கோட் அடித்து, நீலக் கோடு போட்டு. பாய் மட்டும் கட்டவில்லை. தஸ்நேவிஸ் கடலுக்குப் போகிற நாளெல்லாம் அது எழும்புகிறது, அவன் வந்தால் இறங்குகிறது. கட்டிப் போட வேண்டாம் என்று மைனி சொல்லிவிட்டதால், இறங்கும்போது உலுங்கி உலுங்கி வாசலில் கொஞ்ச தூரம் ஏறி வந்து நிற்கும். மணல் கிழிபடுகிற சத்தம் கேட்டதும் பெனீட்டா உலை வைப்பாள், நான் சாயங்காலத்தில் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் நானும் படகுமாக மூவரும் ஓய்வாக இருக்கிறோம்.

மைனி வேலியைத் திரும்பக் கட்டினாள். புது ஓலை, புதுக் கம்பு. ஆனால் நடுவில் ஒரு படகு அகலத்துக்கு இடம் விட்டிருந்தாள். கோழியெல்லாம் என் வாசலுக்கு வந்துவிடுகிறதே, அதையும் அடைத்துவிடலாமே என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“இருக்கட்டும் கொழுந்தனாரே,” என்றாள் அவள். “எப்ப, எந்தக் கரையில, யாரு இழுப்பாங்கன்னு நமக்கு என்ன தெரியும்.”